கேள்வியம்மாவின் செவ்வாய்க்கிழமைகள்

ஓர் அம்மாளிடம் ஒருவன் நம்பிச் சொன்னதை நான் ஒட்டுக் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் அதை வைத்து அவனை அவமானப்படுத்தினேன். பழி அந்த அம்மாள் மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைப் பற்றி இனிமேல் கொஞ்சம் கிண்டலாக எழுதப் போகிறேன். அதைப் படித்துவிட்டு, இதை எழுதுகிற கிழவர் பிரியமான மனிதர் போலிருக்கிறதே என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அவர் பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுகூட நேராகச் சொல்லமாட்டார். "பேரு போட்டா யாருக்கு என்ன ஆகுமுங்க, டாக்டர்?" என்று என்னைத்தான் கேட்பார். எங்கள் மில்லில் அவரைக் கேள்வியம்மா என்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர் அது. அவர் காதுக்கும் எட்டியது. "நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றார். அதுவும் கேள்விதான்.

எங்களுடையது கோழித்தீவன மில். புதுச்சத்திரத்தைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. நான் கால்நடை மருத்துவம் படித்தவன். பண்ணை பண்ணையாகப் போய் வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு தீவனத்தில் இறங்கினேன். ஊரில் எல்லோருக்கும் நான் டாக்டர். டாக்டருக்குத் தெரியாதது இல்லை என்று ஊர் சொன்னது. ஊரைவிட உறுதியாக அதை நான் நம்பினேன்.

மில்லை உண்மையில் ஓட்டியவன் சுப்பிரமணி. சாக்குத் தைக்க வந்தவன் மேனேஜர் வரை உயர்ந்தான். மக்காச்சோளத்தைக் கையில் அள்ளினாலே ஈரம் சொல்லிவிடுவான். ஆனால் வேலை எதையும் இன்னொருவரிடம் விடமாட்டான். தீவனம் கலக்கும் மிக்சர் நின்றால் அதை இயக்குகிறவரைத் திட்டித் தள்ளிவிட்டு அவனே உள்ளே இறங்குவான். மத்தியானச் சோற்றை மாலையில் சாப்பிடுவான். மீட்டிங்கில் உட்காரவைத்தால் மட்டும் ஊமையாகிவிடுவான். நாமகிரிப்பேட்டையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த இரண்டாவது மில்லுக்கு அவனையே தலைவனாகப் போட வேண்டும் என்று என் மகள் கவிதா நினைத்தாள்.

"அப்பா, அதுக்கு முன்னால சுப்பண்ணனுக்கு ஒரு கோச் வெக்கலாமுங்க" என்றாள்.

எங்கள் பக்கம் கோச்சிங் என்றால் ஒரே அர்த்தம்தான். நாமக்கல்லைச் சுற்றியுள்ள விடுதிகளில் பிள்ளைகளை அடைத்துவைத்து, விடியும் முன்னே எழுப்பி, படிக்கவைத்து, டாக்டருக்குப் படிக்க அனுப்புவார்கள்.

"ஏஞ்சாமி, சுப்புவோட புள்ளையே கல்யாண வயசுல நிக்குது. இனிமேத்தான் அவனை நீட்டு எழுத வெக்கப் போறயா?"

"அது சொல்லித் தர்றவங்கப்பா. இவங்க எதையும் சொல்லித் தரமாட்டாங்க."

"அப்பறம்?"

"கேப்பாங்க."

"கேக்கறதுக்கு ஆளு எதுக்கு? நானே தெனமும் கேக்கறனே, ஏண்டா லோடு லேட்டுன்னு."

"நீங்க கேக்கறது திட்டறதுங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கேள்வியம்மா வந்து இறங்கினார்.

இறங்கினார் என்றால் பஸ்ஸிலிருந்து. கார் அனுப்புகிறோம் என்றால் மறுத்துவிடுவார். ஐம்பதை ஒட்டிய வயது, கஞ்சி போட்ட நூல் சேலை, அதற்குக் கீழே பையன்கள் போடுகிற கேன்வாஸ் ஷூ, கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிலுவை, தோளில் ஒரு பிளாஸ்க். சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களைத் தயார்ப்படுத்தும் வேலையில் இருந்துவிட்டு, தாயாரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர். இந்தத் தொழிலுக்கென்று முறையாகப் படித்துப் பழகியவர் என்று கவிதா சொன்னாள். கேள்வி கேட்கப் படிப்பா என்று நான் சிரித்தேன்.

முதல் நாள் அவரை என் அறையில் உட்காரவைத்து, என் பெருந்தன்மையைக் காட்டும் விதமாக ஒரு யோசனை சொன்னேன்.

"அம்மா, சுத்தி வளைக்க வேண்டாமுங்க. ஆளைப் பாருங்க, குறை என்னன்னு கண்டுபிடிங்க, நான் கோழிக்கு மருந்து எழுதற மாதிரி எழுதிக் குடுத்துருங்க."

"நீங்க கோழிகிட்ட எங்க வலிக்குதுன்னு கேப்பீங்களா, டாக்டர்?"

"கோழி பேசாதுங்களே."

"மனுசங்க பேசுவாங்க இல்லீங்களா?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். பிடித்துவிட்டது. அதுதான் சங்கடம்.

சுப்பிரமணிக்கென்று வந்தவரிடம் போகப்போக லோடுமேன்களும் கவிதாவும்கூடப் போய் உட்கார்ந்தார்கள். அவருடைய வித்தை இரண்டே பாகம் கொண்டது. ஒரு கேள்வி கேட்பார், பிறகு சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதுதான் கடினமான பாகம். எதிரே உட்காரமாட்டார். பக்கவாட்டில், இருவரும் ஒரே சன்னலைப் பார்க்கிறபடி நாற்காலியைப் போட்டுக்கொள்வார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைப்பார். கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி அவசரமில்லாமல் இருப்பார். எதிராளி இருமுவான், தலையைச் சொறிவான், வெயிலைப் பற்றிப் பேசுவான். அவர் அசையமாட்டார். கடைசியில் அவன் தனக்கே தெரியாமல் வைத்திருந்த ஒன்றை வெளியே எடுத்துப் போடுவான். அப்போதுதான் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் கடுங்காப்பி ஊற்றி அவனுக்கு நீட்டுவார். "பிளாஸ்க் தொறந்துட்டா அன்னைக்கு வேலை ஆயிருச்சுன்னு அர்த்தமுங்க" என்று சுப்பிரமணி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

மில்லில் அவரை வைத்து உண்டான கதைகளுக்குக் கணக்கில்லை. டீக்கடைக்காரர் "சக்கரை போடட்டுங்களா?" என்று கேட்டதற்கு, "போட்டா என்ன ஆகும்னு நெனைக்கறீங்க?" என்றாராம். கண்டக்டர் "எங்கம்மா போவோணும்?" என்றதற்கு, "உங்களுக்கு எங்க போகணுமுங்க?" என்று கேட்டாராம். கண்டக்டர் யோசித்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிட்டுப் போய் மளிகைக்கடை வைத்துவிட்டாராம். எல்லாம் லோடுமேன்கள் கட்டியது. இதில் சிலவற்றை நானே கட்டி அவர்கள் வாயில் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முழு கேக் ஒன்றை வெட்டாமல் கொண்டுவந்து சாக்கு அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போனது மட்டும் உண்மை. யாருக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. ஆட்கள் சுப்பிரமணியைப் பார்த்தார்கள். அவனோ அதற்குள் கேள்வியம்மாவின் நோய் தொற்றியவன்.

"நீங்க என்னப்பா நெனைக்கறீங்க?" என்றான்.

"அண்ணா, கேக்கு. இதுல என்னுங்கண்ணா நெனைக்கறதுக்கு இருக்குது?" என்று ஒருவன் கெஞ்சினான். எறும்பு ஏறுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மருந்துப் பொடி நிறுக்கிற சின்னத் தராசில் வைத்துப் பங்கிட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. இரவுக் காவல்காரருக்குத் தனியாக எடுத்துவைத்திருந்தார்கள். சொல்லிச் செய்யவைத்திருந்தால் அவரை மறந்திருப்போம்.

சிரித்தேனே தவிர, நடப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நாள் மிக்சர் நின்றது. வழக்கப்படி சுப்பிரமணி சட்டையைக் கழற்றிக்கொண்டு பாய்வான் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவன் மிஷின்காரனிடம் போய் நின்று, "உனக்கு என்ன தோணுது?" என்றான். மிஷின்காரன் பயந்துபோனான். என்னிடம் ஓடிவந்து, "அய்யா, அண்ணனுக்கு ஒடம்புக்கு முடியலீங்களாட்ட இருக்குது" என்றான். அன்று மிக்சரைச் சரிசெய்ய வழக்கத்தைவிட அதிக நேரமாயிற்று. அடுத்த தடவை அது நின்றபோது சுப்பிரமணியைக் கூப்பிடவே இல்லை. அவன் வீட்டுக்குப் போய் மத்தியானச் சோற்றை மத்தியானத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி அதற்குப் பயந்து எனக்குப் போன் செய்தாள்: வேலையைவிட்டு நிறுத்திவிட்டோமா என்று.

நான் ஒருவனை வேலைக்கு வைத்து, அதட்டி, வருடக்கணக்காகச் செய்ய முடியாததை இந்த அம்மாள் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் செய்துவிட்டார். அவன் மீட்டிங்கில் வாய் திறந்தான். திறந்து, "அய்யா, அது சரிப்படாதுங்க" என்றான். அவன் சொன்னதுதான் சரி. எனக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

ஒருமுறை என்னிடமும் அவர் வித்தையைக் காட்டினார். நான்தான் வம்புக்கு இழுத்தேன். "எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட என்னம்மா கேப்பீங்க?" என்றேன்.

"தெரியாதுங்கற வார்த்தையைக் கடைசியா எப்ப சொன்னீங்க, டாக்டர்?"

பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் முட்டை விலையைப் பற்றிப் பேசினேன். அவர் பிளாஸ்கைத் திறக்காமலேயே எழுந்து போனார்.

இப்போது அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாசலில் லாரிகளை நிறுக்கப் புது எடைமேடை அறை கட்டியபின் பழையது சும்மா கிடந்தது. கதவை மூடினால் மிஷின் சத்தம் வராது. அதை அவருக்குக் கொடுக்கலாம் என்று சொன்னவன் நான். அந்தச் சுவரில், மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில், தூசி படிந்த ஒரு சின்ன வலை இருந்தது. அதற்குள் ஒரு மைக். லாரி டிரைவர்களும் எடை போடுகிறவரும் கூட்டுச் சேர்ந்து எடையில் விளையாடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, பல வருடங்களுக்கு முன் ஒரு எலக்ட்ரீசியனை வைத்து ரகசியமாகப் போட்டது. அதன் ஸ்பீக்கர் என் அறை அலமாரியில், பழைய இன்டர்காம் டப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது. எலக்ட்ரீசியன் காலமாகிவிட்டான். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அறையைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்: "இங்க பேசறது வெளிய கேக்குங்களா? அவங்க என்கிட்டச் சொல்றது என்னோட நின்னாத்தானுங்க இந்த வேலை நடக்கும்."

"வெளிய இருக்கற மிஷின் சத்தத்துல கதவோரம் நிக்கறவனுக்கே கேக்காதுங்கம்மா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஸ்பீக்கரின் திருகைக் கை தவறித் திருப்பிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை அலமாரி ஓரம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன். என்னிடம் யாரும் சொல்லாததை அவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பயமே இல்லைன்னு வெச்சுக்கங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?" அவர் குரல்.

ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று திருகைக் கூட்டினேன்.

"சிரிக்கக் கூடாதுங்க மேடம்" என்றான் சுப்பிரமணி. "மோகனூர்ல என்ற மாமனார் எடம் கொஞ்சம் இருக்குதுங்க. அங்க சின்னதா ஒரு தீவன மில்லு போடோணும். நாட்டுக்கோழி, ஆடு வளக்கறவங்களுக்கு. அய்யாவுக்குப் போட்டியா இல்லீங்க. அவரு ஏவாரம் பெருசு."

"இதை யார்கிட்டச் சொல்லியிருக்கீங்க?"

"என்ற ஊட்டுக்காரிகிட்டக்கூடச் சொல்லலீங்க. இப்பத்தான் மொத மொதலா வாயில வருது."

"டாக்டர்கிட்டச் சொன்னா?"

"எப்படிங்க சொல்றது? அவரு கார் ஹாரனைக் கேட்டாலே இன்னும் சோத்தை அப்படியே உட்டுட்டு எந்திரிச்சு ஓடறனுங்க."

அதன்பின் ஸ்பீக்கரில் ஒரு சத்தம் கேட்டது. பிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம்.

அவன் மில் வைக்க நினைத்ததைவிட, என் ஹாரனுக்கு அவன் சோற்றை விட்டு எழுந்து ஓடுகிறான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் லோடு ஏற்றும் இடத்தில், எல்லோரும் இருக்கும்போது உரக்கக் கேட்டேன்:

"ஏப்பா சுப்பு, மோகனூர் மில்லுக்குப் பூசை எப்ப? நாட்டுக்கோழியெல்லாம் பட்டினி கெடக்குதாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலே, முதலாளி சிரித்ததால் சிரித்தார்கள். சுப்பிரமணி சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பழைய எடைமேடை அறையைத் திரும்பிப் பார்த்தான். அவன் யாரை நினைத்துக்கொண்டான் என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என் அறைக்குப் போய் மத்தியானத் தூக்கம் போட்டேன்.

நாமகிரிப்பேட்டை மில்லை என் மச்சினனிடம் கொடுத்தேன். அவன் அதை நடத்திய லட்சணம் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சுப்பிரமணி பொங்கலுக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டான். போகுமுன் செவ்வாய்க்கிழமை பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்று அந்த அம்மாளிடம் கேட்டானாம்: "சொல்லமாட்டேன்னு சொன்னீங்களே மேடம்?"

"நான் சொல்லலைங்க."

"அப்பறம் செவுராங்க சொல்லுச்சு?" என்றானாம். பாவம், அவன் சரியாகத்தான் சொன்னான்.

அவர் நேராக என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"டாக்டர், உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

டப்பா அவர் தோளுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் முகத்தையே பார்த்தேன். "இந்தப் பக்கமெல்லாம் எதையும் மறைக்க முடியாதுங்கம்மா. எப்படியோ வந்து சேர்ந்துரும்."

அவர் காத்திருந்தார். லோடுமேனிலிருந்து என் மகள் வரை அத்தனை பேரையும் திறந்த அந்த மௌனம் என் முன்னால் நின்றது. நான் முட்டை விலையைக்கூடப் பேசவில்லை. அதைத் தாக்குப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு அன்று ஒரு கர்வம் இருந்தது. அவர் பிளாஸ்கைத் தோளில் சரிசெய்துகொண்டு போனார்.

எங்கள் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் கல்யாணத்தில் சந்திப்பார்கள், காதுகுத்தில் சந்திப்பார்கள், தீவன விலை பேசும்போது சந்திப்பார்கள். "அந்தம்மா நோண்டி நோண்டிக் கேட்டு மொதலாளிகிட்டப் போட்டுக் குடுக்குமாமா" என்ற சொல் ஒரு கல்யாண சீசனுக்குள் பரவிவிட்டது. நம்பிச் சொல்ல ஆளில்லை என்றால் அவருக்கு வேலை ஏது? அவரை அழைத்துக்கொண்டிருந்த ஒரு பண்ணை நிறுத்தியது. ஒரு பள்ளிக்கூடம் நிறுத்தியது. என் மகளும் அவரைத்தான் சந்தேகப்பட்டாள், நிறுத்திவிட்டாள். சேலத்தில் ஒரு கடைக்குக் கணக்குப் பார்க்கப் போகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன், அவ்வளவுதான். இப்படிச் சில வருடங்கள் ஓடின.

போன வருடம் பழைய எடைமேடை அறையை இடிக்க ஆள் வந்தார்கள். நான் மில் பொறுப்பை விட்டு விலகியிருந்தாலும் தினமும் போய் என் பழைய அறையில், இப்போது மகளுடைய அறையில், ஓரமாக உட்கார்ந்திருப்பேன். கவிதா அலமாரியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தவள், டப்பாவை எடுத்து, "இது இன்னும் எதுக்குங்கப்பா?" என்றபடி திருகைத் திருப்பினாள். கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு தெளிவாக ஒரு கொத்தனார் குரல்:

"கெழவன் இன்னைக்கும் வந்து உக்காந்துட்டாருடா. வெரசா இடி. இல்லீன்னா செங்கல்லை எண்ணச் சொல்லுவாரு."

இன்னொருவன் சிரித்தான். கவிதா டப்பாவைப் பார்த்தாள், சன்னல் வழியே அந்த அறையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா. கேள்வியம்மா உக்காந்தது அந்த ரூம்புதானுங்களே?"

"ஆமாஞ்சாமி."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். இடிக்கிற சத்தம் டப்பா வழியாகவும் சன்னல் வழியாகவும் வந்துகொண்டிருந்தது.

முதலில் மோகனூர் போனேன். சுப்பிரமணி சில வருடம் வேறு பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, மாமனார் இடத்தில் மில் போட்டிருந்தான். சின்னதுதான். அவன் இல்லாதபோதும் ஓடுகிற மில். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்தான். நான் சொல்லி முடித்ததும் என்னைத் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அய்யா, நீங்க ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லலீங்க. நானுங்க, பார்த்தவன்கிட்டயெல்லாம் அந்தம்மாவைப் பத்திப் பேசிட்டனே. அவங்க கேட்ட கேள்வியிலதானுங்க இந்த மில்லே நிக்குது."

என் குற்றத்தில் அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு சேலத்தில் அந்த அம்மாளின் வீட்டைக் கண்டுபிடித்தேன். தாயார் காலமாகியிருந்தார். கூடத்தில் இரண்டு நாற்காலிகள் ஒரே சன்னலைப் பார்த்துக் கிடந்தன. பிளாஸ்க் அலமாரியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் சொன்னேன். அவர் முகம் ஒருமுறை சிவந்து அடங்கியது.

"இதை யாருக்காகச் சொல்ல வந்தீங்க, டாக்டர்?"

உங்களுக்காக என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் காத்திருந்தார். "எனக்காகத்தானுங்க" என்றேன்.

"சரிங்க. உங்க பாரம் எறங்கியிருச்சு. என் பேரு?"

நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் பண்ணையாளர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். அங்கே மைக் கேட்டு வாங்கி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மாள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நான்தான் ஒட்டுக் கேட்டேன் என்றேன். தலைகுனிந்து நின்றேன். யாராவது காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன்.

சிரித்தார்கள்.

"டாக்டர் கில்லாடிங்க!" என்றார் முன்வரிசையில் ஒருவர். "அந்த மைக்கு எங்கீங்க கெடைக்குது? எங்க பண்ணையிலயும் ஒண்ணு போடோணும்" என்றார் இன்னொருவர். எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் நான் சேர்த்துவைத்த மரியாதை அன்று எனக்கு எதிராக வேலை செய்தது. முதலாளி ஒட்டுக் கேட்பது எங்களுக்குள் சாமர்த்தியம். சொல்லாத அம்மாளுக்குத்தான் துரோகிப் பட்டம்.

பின்வரிசையிலிருந்து சுப்பிரமணி எழுந்தான். மீட்டிங்கில் ஊமையாக உட்காருகிறவன்.

"சிரிக்காதீங்க. என்ற மனசுல இருந்ததை ஒருத்தர் திருடினாரு. அதுக்கு நான் இன்னொருத்தரைத் திருடின்னு ஊரெல்லாம் சொன்னேன். உங்கள்ல பாதிப் பேருகிட்ட நானே சொல்லியிருக்கறேன். அது பொய்யுங்க. நீங்க ஆருகிட்டயெல்லாம் அதைச் சொன்னீங்களோ அவங்ககிட்டப் போய்த் திருப்பிச் சொல்லோணும். இதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியாதுங்க."

அதற்குப் பிறகு மைக் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அவன் நன்றாகவே பேசினான். பேச வைத்தவர் அங்கே இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. நிறுத்திய பள்ளிக்கூடம் மன்னிப்புக் கேட்டுக் கூப்பிட்டது. பண்ணைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "உங்களை நம்பறனுங்கம்மா, எங்க ஆளுங்க பேசறதை எனக்கு மட்டும் சொன்னாப் போதும்" என்றாராம். அவர் போகவில்லை. கணக்குப் பார்க்கும் வேலையை அவர் இன்னும் முழுதாக விடவில்லை. இழந்த வருடங்களுக்கு என்னிடம் ஈடு எதுவும் இல்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் மோகனூர் வருகிறார், பஸ்ஸில்தான். சுப்பிரமணியின் ஆட்களுக்காக. அது முடிந்ததும் என் மகள் போய் அவருடன் காவிரிக் கரையில் உட்காருகிறாள். சுவரே இல்லாத இடமாகப் பார்த்து அவரேதான் தேர்ந்தெடுத்தார். கவிதா அவரை மறுபடி அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. கார்ல உக்காரட்டும்."

"எதுக்குங்க மேடம்?"

"கேக்கற தூரத்துல இருந்துக்கிட்டுக் கேக்காம இருக்கறது அவருக்கு வருதான்னு பாக்கலாமுங்களா?"

இந்த வயதில் எனக்கும் ஒரு கோச். கவிதா காரை அவர்கள் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறாள். ஏசி போட்டால் எஞ்சின் சத்தம் அவர்களுக்குத் தொந்தரவு. அதனால் எஞ்சினை மட்டும் அணைத்துவிட்டு, சாவி போட்டபடியே கண்ணாடிகளை நானே ஏற்றிக்கொள்கிறேன். போன வாரம் வெயில் கொளுத்தியது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. என் மகள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒருமுறை காரைக் காட்டினாள். என்னைப் பற்றித்தான். கண்ணாடிப் பொத்தானை ஓர் இழை அழுத்தினால் போதும். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் அவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"எறக்குங்க டாக்டர். வெந்துருவீங்க."

இறக்கினேன். ஆற்றுக்காற்று உள்ளே வந்தது.

"ஏதாச்சும் காதுல விழுந்துதுங்களா?"

"இல்லீங்கம்மா. அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாதுங்க."

வழக்கம்போலக் காத்திருந்தார். அந்த மௌனத்திடமிருந்து ஒளித்துவைக்க இந்த முறை என்னிடம் ஒன்றும் இல்லை. நானும் அவர் பார்த்த பக்கமே, ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சற்று நேரத்தில் திருகும் சத்தம் கேட்டது. மூடியில் கடுங்காப்பி ஊற்றி, கார் சன்னல் வழியே நீட்டினார்.